மூழ்காத நைலான்

அக்காள்மடம் என்ற தீவுக் கிராமத்தில் பிரெசில்லாவின் விரல்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வலைத்துண்டைத் தடவிப் பார்த்து, அது என்ன நூல், எத்தனை வருஷம் கடலில் கிடந்தது என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையின் கர்வத்தை அவள் புருஷன் இருபத்தைந்து வருஷமாகச் சகித்துக்கொண்டு வருகிறார்.

பத்து வயதில் கிழிந்த வலை கட்டப் பழகியவள், இப்போது நாற்பத்தெட்டு வயதில், இனி யாரும் கட்ட முடியாத கந்தல் வலைகளைக் கட்டி அழுகிறாள். கரையில் ஒதுங்குவதையும் படகுக்காரர்கள் வீசிப்போவதையும் மகளிர் குழுப் பெண்கள் பொறுக்கி வருவார்கள். குழுவின் கொட்டகையில் ஒரு அரவை மிஷினும், சூட்டில் அழுத்திப் பலகை செய்யும் ஒரு பிரஸ்ஸும் இருக்கின்றன. இரண்டுக்கும் பிரெசில்லாதான் ராணி.

வலையில் இரண்டு வகைப் பிளாஸ்டிக் உண்டு. நைலான் தண்ணீரில் மூழ்கும், மற்றது மிதக்கும். மிதப்பதை அரைத்து உருக்கினால் நல்ல பலகை வரும். அதில் நைலான் கலந்தால் அந்தச் சூட்டில் அது உருகாது; பலகைக்குள் நாராகவே கிடந்து உடைத்துவிடும். அதனால் கொட்டகை முற்றத்தில், ஒரு சாண் ஆழத்தில் அகலமான சிமெண்டுத் தொட்டி கட்டி, வெட்டிய துண்டுகளை அதில் போட்டுப் பிரிப்பார்கள். அந்த வேலை பூமயிலுடையது.

பூமயில் அபிராமம் பக்கத்துக்காரி. மிளகாய்க் காடு காய்ந்துபோன வருஷம், கொத்தனார் வேலைக்கு வந்த புருஷனோடு தீவுக்கு வந்தவள். வலையை அதற்கு முன் பார்த்ததில்லை. மூழ்குவதை இந்தப் பக்கம், மிதப்பதை அந்தப் பக்கம் போடச் சொன்னார்கள், போட்டாள். தொட்டிக்கு நல்ல தண்ணீர் கட்டுப்படியாகாது, அது லாரியில் வரவேண்டும். கடல் தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இழுத்தார்கள். கரண்டும் சும்மா வருவதில்லையே. “கீழ கொட்டாத. கொறைஞ்சா ஊத்து, அம்புட்டுதான்” என்பது பிரெசில்லாவின் சட்டம்.

ஆடி மாதம் ஒரு காலையில் அந்தச் சங்கடம் நடந்தது. மீன் ஏலக்கூடத்துக்குக் குழு செய்துகொடுத்த புது பெஞ்சில், ஏலம் விடும் சவேரியார் தம் கனத்த உடம்பைச் சாய்த்தார். பெஞ்சு இரண்டாக முறிந்தது. அவர் மீன் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

“ஏத்தா பிரெசில்லா, இது பெஞ்சா அப்பளமா?”

கூடமே சிரித்தது. பிரெசில்லா உடைந்த பலகையைத் தூக்கிப் பார்த்தாள். உருகாத நைலான் நார் பிசிர் பிசிராக நீட்டிக்கொண்டிருந்தது. முகம் கறுத்துத் திரும்பினால், வலை பொறுக்க வந்த வெறுஞ்சாக்கோடு பூமயில் நிற்கிறாள்.

“வயக்காட்டுல மொளகா பெறக்குன கைய நம்புனேம் பாரு, என்னையச் சொல்லணும். நாளையில இருந்து வராத.”

பூமயில் சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சாக்கை அவள் அவ்வளவு நிதானமாக மடித்தது பிரெசில்லாவுக்கு என்னவோ செய்தது. ஆனாலும் கோபம் பெரிதாக இருந்தது.

மறுநாள் தொட்டி ஓரத்தில் அவளே உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்துத் தடவினாள். நைலான், சந்தேகமே இல்லை. தொட்டியில் போட்டாள். மிதந்தது. அமுக்கிவிட்டாள். மேலே வந்தது. இன்னொன்று, அதுவும் மிதந்தது. விரல் மரத்துப்போயிற்றா? இத்தனை வருஷம் சோறு போட்ட விரல் ஏமாற்றுகிறதா?

முகத்தில் தெறித்த தண்ணீர் உதட்டில் பட்டது. கடல் தண்ணீர் அப்படிக் கசக்காது. தொட்டிச் சுவரைப் பார்த்தாள். விளிம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. எழுந்து போய்க் கடலில் ஒரு வாளி மொண்டு வந்து, அதே துண்டை அதில் போட்டாள். சொல்லிவைத்த மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

மாசியில் நிரப்பிய தண்ணீர். கோடை மழையும் ஏமாற்றிய வருஷம். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுப்போக, ஐந்து மாதமாக மேலும் மேலும் கடல் தண்ணீரை ஊற்றி, தொட்டியை அவளே உப்பளமாக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கனத்த தண்ணீரில் நைலானும் மிதக்கத் தொடங்கிவிட்டது. உப்பளம் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்?

சொல்லித்தான் இருக்கிறார்கள். பத்து நாள் முன்பு பூமயில் கேட்டாள்: “இப்பல்லாம் ஒண்ணுமே முங்க மாட்டேங்குதேக்கா?” பிரஸ்ஸிலிருந்து தலையைத் தூக்காமல் அவள் சொன்ன பதிலும் நினைவுக்கு வந்தது: “அப்ப எல்லாம் நல்ல சரக்குன்னு அர்த்தம். வேலயப் பாரு.”

அன்று மத்தியானமே பூமயில் வீட்டு வாசலில் போய் நின்றாள். தப்பு தன்னுடையது என்றாள். சுற்றி வளைக்கவில்லை, அதுவரைக்கும் அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

பூமயில் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். “எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க, சரி. நேத்து அத்தன பேரு முன்னாடில்ல பேசுனீங்க? எதுத்த வீட்டுல கூடக் கேக்குறாக, என்னத்த கெடுத்துட்டு வந்தன்னு. வேற எடத்துல வேலைக்கி எப்படிக்கா கூப்புடுவாக?”

பிரெசில்லா காலிச் செம்பைக் கொடுத்துவிட்டு நடந்தாள். அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருக்கும்போது கூடத்துக்குள் நுழைந்தாள். “அண்ணே, செத்த நிப்பாட்டுங்க.” சவேரியார் பாதி விலையில் வாயை மூடினார். “பெஞ்சு ஒடஞ்சதுக்கு பூமயிலு காரணம் இல்ல. நாந்தான். தண்ணிய மாத்த விடல. அவ கேட்டா, நான் காதுல வாங்கல.”

“அப்ப நான் கூடைக்குள்ள விழுந்ததுக்கு நீதானா ஆளு?”

“ஆமாண்ணே. நாந்தான்.”

சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்று, எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். முதுகெல்லாம் வேர்த்திருந்தது.

மறுநாள் பூமயில் வந்தாள். வந்ததும் யாரையும் கேட்காமல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். ஐந்து மாதத் தண்ணீர் மணலில் ஓடியது. தடுக்க நீண்ட கையைப் பிரெசில்லா இழுத்துக்கொண்டாள். போய் மோட்டாரைப் போட்டாள்.

தொட்டி நிறைந்தது. பூமயில் ஒரு துண்டை எடுத்தாள். அது நைலான் என்று பிரெசில்லாவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“பூமயிலு, முங்குதா?”

“பொறுங்கக்கா. பாத்துச் சொல்றேன்.”

பிரெசில்லா பொறுத்திருந்தாள்.