பொக்காராவில் ஏற்றிய சூடம்

அரிமளம் கடைவீதியில் பிரகதாம்பாளின் மளிகைக் கடைக்குப் போகிறவர்கள் பொய் சொல்வதில்லை. எல்லோரும் உத்தமர்கள் என்பதால் அல்ல. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டும் சூட டப்பாவும் தீப்பெட்டியும் எப்போதும் தயாராக இருக்கும் என்பதால். நேற்று வாங்கிய தேங்காய் அழுகல் என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அவள் வாக்குவாதம் செய்ய மாட்டாள். தட்டில் ஒரு சூடத்தை வைத்துப் பற்றவைத்து முன்னால் நகர்த்திவிடுவாள்.

"அணைச்சுட்டுச் சொல்லுங்க, வேற தேங்கா தாரேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு ஒன்றைச் சொன்னால் அது சத்தியம். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாதிப் பேர் தீக்குச்சியை உரசும்போதே தேங்காயைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். கம்ப்ரசரே போய்விட்டது என்று அடித்துச் சொன்ன ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவன், டப்பா மூடியைத் திறந்த சத்தத்திலேயே, ஒயர்தான் கொஞ்சம் லூஸ் என்று ஒப்புக்கொண்டான்.

இந்தப் பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. கணவர் ஆத்மநாதன் பஸ் கண்டக்டர். பர்ஸை மறந்துவிட்டேன் என்று எவன் சொன்னாலும் நம்பித் தன் பையிலிருந்து டிக்கெட் போடுகிற ஜாதி. தலையில் முடி முளைக்கும் என்று ஒருவன் சொன்னதை நம்பி மூலிகை எண்ணெய் வாங்கித் தடவி, இருந்த முடியையும் உதிர்த்துக்கொண்டவர். புதிதாகப் பிரித்துப் போட்ட ஒரு நகரில் மனை வாங்கினார். வெயில் காலத்தில் காட்டியதால் அது கண்மாய்க்குள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. இப்போதும் நல்ல மழை பெய்தால் அவர் மனையில் கொக்கு நின்று மீன் பிடிக்கும். மனை கண்மாயென்று தெரிந்த அன்றைக்குத்தான் பிரகதாம்பாள் குடும்பப் பொறுப்பையும் சூடத்தையும் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு ஆத்மநாதன் ஒரு கட்டுக் கீரைகூடத் தன் இஷ்டத்துக்கு வாங்கியது கிடையாது. அவரும் அதை ஒரு குறையாகச் சொன்னது கிடையாது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எந்தக் காலத்திலோ ஒரு பேங்கில் கொடுத்த காலண்டரில் பனி மூடிய மலைப் படம் ஒன்று இருந்தது. வருடம் முடிந்ததும் தேதியைக் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் பீரோ கதவில் ஒட்டிவைத்தார். அரிமளத்து வெயிலில் ட்யூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். ரிட்டயர் ஆனார், மூட்டு தேய்ந்தது, படம் வெளுத்தது, ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் சுடர்விழி அதைக் கவனித்துவந்தவள். நேபாளத்தில் பொக்காரா என்று ஓர் ஊர் இருக்கிறது, மலையேறுகிறவர்கள் அங்கிருந்துதான் கிளம்புவார்கள், ஆனால் அப்பா ஏற வேண்டியதில்லை, சாரங்கோட் என்ற மேடு வரைக்கும் காரிலேயே போய்ப் பனிமலையைப் பார்த்துவிடலாம் என்று சொல்லி டிக்கெட் போட்டுவிட்டாள். தனக்கு லீவு கிடைக்காததால் அம்மாவுக்குப் போனில் பாடம் எடுத்தாள். கைக்குழந்தையோடு வந்து பால்மாவு வாங்கித் தரச் சொல்லும் பெண்ணை நம்பாதே, நீ போனதும் டப்பாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். கேட்காமலே பொட்டு வைக்கும் சாமியாரிடம் நெற்றியைக் கொடுக்காதே. தலை சுற்றுகிறதா என்று கேட்டு ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுப் பெரிய பில்லாகத் தீட்டும் கைடு பக்கமே போகாதே. சாளக்கிராமக் கல்லென்று எதையும் வாங்காதே. எல்லாவற்றுக்கும் மேலே, நம் பாஷையில் பேசிக்கொண்டு வருகிறவனிடம் ரெட்டிப்பு ஜாக்கிரதை.

பிரகதாம்பாள் எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டு, ஒரு டப்பா சூடத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். திருச்சி ஏர்போர்ட்டில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். பற்றிக்கொள்ளும் சரக்கு விமானத்தில் ஏறக் கூடாதாம். பொக்காராவில் இறங்கியதும் அவள் ஓட்டலைக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஒரு கோயில் வாசலுக்குப் போய் அந்த ஊர்ச் சூடத்தையும் ஒரு தட்டையும் வாங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

ஏரிக்கரையில் முதலாவதாக வந்தவள் குழந்தைக்காரி. சுடர்விழி சொன்ன அதே பால்மாவு. பிரகதாம்பாள் நடைபாதையில் தட்டை வைத்துச் சூடத்தை ஏற்றி, அணைக்கும்படி ஜாடை காட்டினாள். அந்தப் பெண் சுடரைப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தையின் கண்ணிலும் ஒற்றி, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். பின்னால் நின்ற நாலைந்து பேரும் வரிசையாக வந்து ஒற்றிக்கொண்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு தட்டில் ஒரு நோட்டைப் போட்டார். பொட்டு வைப்பதற்காகக் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்த சாமியார், இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இங்கே ஏற்கெனவே ஓர் ஆள் தொழில் செய்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தார்.

ஆத்மநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த ஊரில் சூடம் என்றால் சாமிக்குக் காட்டுவது மட்டும்தான் போலிருக்கிறது, சத்தியமெல்லாம் இவர்களுக்குத் தெரியாது என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"சூடத்துக்கு ஊரு ஏதுங்க? எங்க ஏத்துனாலும் சுடத்தான செய்யும்."

சிரிப்பெல்லாம் அதோடு சரி. வந்து இறங்கிய நாளிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மலை இருக்கிறது என்று சொன்ன திசையில் சாம்பல் பூசியதுபோல மேகம்தான் இருந்தது. ஆத்மநாதன் விடிவதற்கு முன்பே எழுந்து, குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ஓட்டல் மொட்டைமாடியில் நின்றுவிட்டு, இறங்கி வந்து காபி குடிப்பார். அவர் அலுத்துக்கொள்ளாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் ஊர் திரும்ப ஒரே ஒரு காலை மட்டும் மிச்சம் இருந்தது. நாளைக்கு வானம் திறக்கும் என்று ஓட்டல் மேனேஜர் சொன்னார். அதை விட்டால் இந்த மூட்டோடு அவர் இன்னொரு தடவை வரப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

அன்று சாயங்காலம் கார் பேசப் போனார்கள். இவர்கள் பேசியதைக் கேட்டு, ஸ்டாண்டில் நின்ற ஒரு காரிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான்.

"இங்கிட்டு வாங்கம்மா. ஐயாவுக்கு முட்டி வலியா? முன் சீட்டுல ஒக்காரட்டும்."

பிரகதாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் கிருஷ்ண பகதூராம். அரிமளத்துக்குப் பக்கத்து ஊரான அறந்தாங்கியில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு ஃப்ரைட் ரைஸ் கடையில் பல வருஷம் மாஸ்டராக இருந்தானாம். ஆத்மநாதன் உடனே எந்தக் கடை, எந்தச் சந்து என்று விசாரித்து, அவன் தோளில் கை போட்டு, போன் நம்பரையும் வாங்கிப் பதிந்துகொண்டார். நம் பாஷையில் பேசுகிறவனிடம் ரெட்டிப்பு ஜாக்கிரதை என்ற மகளின் குரல் பிரகதாம்பாள் காதில் மணி அடித்தது. சூடத்தை ஏற்றினாள். நாளைக்கு மலை தெரியும், மலை தெரியும் இடத்துக்கே கூட்டிப் போவேன் என்று அணைத்துச் சொல்லச் சொன்னாள்.

அவன் இரண்டடி பின்னால் போனான்.

"வேணாம்மா. அறந்தாங்கில நா பாத்துருக்கேன், இது வெளையாட்டு இல்ல. கூட்டிப் போறது என் வேல. மல தெரியும்னு நா எப்படிச் சத்தியம் பண்ணுவேன்? மேகம் என் பேச்சக் கேக்குமா?"

கையைச் சுட்டுக்கொள்ளப் பயப்படுகிறவன் திருடன். அரிமளத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அவள் அடுத்த காருக்குப் போனாள். அந்த டிரைவர் சிரித்த முகத்துக்காரன். ஹண்ட்ரட் பெர்சென்ட் மவுண்டன் என்று சொல்லிப் படாரென்று ஒரே அடியில் சூடத்தை அணைத்தான். கேட்டிருந்தால் இன்னொன்றையும் அணைத்திருப்பான். காலையில் வரச் சொல்லிவிட்டாள்.

விடியற்காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. சிரித்த முகத்துக்காரன் ஏற்றிக்கொண்டான். கார் மேட்டுப்பக்கம் திரும்பாமல் ஒரு கடைவாசலில் போய் நின்றது. மேலே ரோடு அடைப்பு, கொஞ்ச நேரம் இங்கே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவன் காரோடு எங்கோ போனான். கடைக்காரர் டீ கொடுத்தார். பிறகு கறுப்பாக ஒரு கல்லை எடுத்துவந்து, கண்டகி நதியிலிருந்து எடுத்த அசல் சாளக்கிராமம் என்றார். பிரகதாம்பாள் சூடத்தை ஏற்றினாள். அவரும் சிரித்துக்கொண்டே படாரென்று அடித்து அணைத்தார். அவள் கல்லை வாங்கி ஒரு தடவு தடவினாள். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு மை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இந்த ஊரில் அணைத்தவனுக்கு அது வெறும் நெருப்பு. அது சத்தியம் என்று தெரிந்த ஒருத்தன்தான் அணைக்கவில்லை. அவனைத்தான் திருடன் என்று விரட்டியிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். ஆத்மநாதன் குல்லாயோடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைச்சுவரில் ஒட்டியிருந்த பனிமலைப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பீரோவுக்கு முன்னால் நிற்கிற அதே முகம். வெளியே வெயில் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்த மனுஷனை எல்லோரிடமிருந்தும் காப்பாற்றிவிட்டு, கடைசியில் அவருடைய ஒரே ஆசைக்குத் தானே குறுக்கே நின்றுவிட்டோமே என்று அவளுக்கு உறைத்தது.

"ஏங்க, அந்த அறந்தாங்கிக்காரன் நம்பரு இருக்கா?" என்றாள்.

எல்லோரையும் நம்புகிறவர் ஆயிற்றே, இருந்தது. கிருஷ்ண பகதூர் வந்தான். நேற்று நடந்ததைக் குத்திக் காட்டாமல், ஐயாவைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்கார வைத்து, மேட்டுப் பாதையில் காரை விரட்டினான். ரோட்டில் அடைப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் அவர்களுக்கு முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. மேட்டை அடைந்தபோது கும்பல் இறங்கிக்கொண்டிருந்தது. விடியும்போது மலை பளிச்சென்று தெரிந்ததாம். இப்போது எதிரே வெள்ளைத் திரை.

மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போயிற்று. கிருஷ்ண பகதூர் வாட்சைப் பார்த்தான். ஊருக்குத் திரும்ப விமானம் ஏறும் இடத்துக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிரகதாம்பாள் கணவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தா தெரியுது பாரு, பெரகதா" என்றார் ஆத்மநாதன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மேகம். அதற்கு மேலே மேகம். கிருஷ்ண பகதூரைப் பார்த்தாள். அவன் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"எங்கங்க?"

"அந்தா, உச்சி மட்டும். காலண்டர்ல இருக்கது மாரியே இருக்குல்ல? எனக்கு இது போதும்டி. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வாழ்க்கையிலேயே அவர் அவளிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. கை வடக்கே காட்டியது, கண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கைப்பையில் சூடம் இருந்தது, தீப்பெட்டி இருந்தது. இரண்டையும் தொடாமல் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஆமாங்க" என்றாள். "தெரியுது."

அரிமளம் திரும்பிய வாரம் கடையில் கூட்டமான கூட்டம். ஆத்மநாதன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பனிமலையின் உச்சியை, அதில் வெயில் பட்ட அழகை, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் உச்சி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. முன்பொரு தடவை அழுகல் தேங்காயென்று கொண்டுவந்து, சூடத்தைக் கண்டதும் திரும்பிப் போன பகையை மறக்காத பெரியண்ணன், கேட்டுக்கொண்டே நின்றவர், கல்லாப்பக்கம் திரும்பினார்.

"மெய்யாலுமே மலயப் பாத்தாரா? ஊருக்கெல்லாம் சட்டம் போடுறீங்கள்ல, ஐயாவையும் சூடத்த அணைச்சுச் சொல்லச் சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. ஆத்மநாதன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பிரகதாம்பாள் கல்லாவிலிருந்து எழுந்தாள். தட்டு இருந்தது, தீப்பெட்டி இருந்தது, பக்கத்தில் டப்பா நிறையச் சூடம் இருந்தது. அந்த டப்பாவை எல்லோரும் பார்க்கவே எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டு, பெரியண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சூடம் இல்லைங்க. தீந்துபோச்சு."