வீடு தேடி வந்த கண் டாக்டர்

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட யுத்த காலத்தில் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் ஒரு கண் டாக்டர் இருந்தார். ஒல்லியான உடம்பு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற வாய். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களை அவர் இலேசில் விடமாட்டார். சில மாதம் கழித்து, டயருக்குப் பதிலாகக் கயிறு சுற்றிய சைக்கிளில் வீடு தேடி வந்து பார்வையைச் சோதிப்பார்.

அப்படித்தான் மெர்போக்கில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கும் வந்தார். குரல் கேட்டதும், அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த அப்பா எழுந்து நின்றார்.

"பெரியவரே, இப்ப பார்வை எப்படி?"

"உங்க புண்ணியத்துல நல்லா தெரியுதுங்கய்யா."

உண்மையில் எல்லாமே அப்பாவுக்குப் புகைமூட்டம்தான். டாக்டர் மனம் நோகக்கூடாதென்று பொய் சொன்னார். டாக்டர் தன் டார்ச் லைட்டை எடுத்து நீட்டினார்.

"இது என்ன?"

"மரவள்ளிக்கிழங்குங்க."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது கண்ணு சொல்லல, வயிறு சொல்லுது. மூணு வேளையும் அதைத்தானே சாப்பிடறோம். தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அப்பத்தான் அடுத்த ஆளுக்கு நான் ஒழுங்கா செய்ய முடியும்."

ஆபரேஷனுக்குப் பிறகு தடித்த கண்ணாடி வேண்டும். கடைகளில் அது கிடைக்காத காலம். இறந்துபோன ஒரு நோயாளியின் வீட்டில் கேட்டு வாங்கிய கண்ணாடியை அவர் அப்பாவுக்கு மாட்டிவிட்டார்.

அப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "பார்வை சரியாயிடுச்சு," என்றார் மெதுவாக. சற்று நேரத்தில் அடுத்த நோயாளியைத் தேடி, யான் என்ற ஊர்ப் பக்கம் சைக்கிளை மிதித்துப் போனார். தன் வேலையில் குறை கேட்க அவ்வளவு தூரம் அலைந்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.