பீரோவோடு பேசியவர்கள்

சிரிப்பு முற்றி இருமலாக உடைகிற சத்தம் எங்கே கேட்டாலும், பேருந்தோ கல்யாண மண்டபமோ, நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். கடலூர் மாமா அப்படித்தான் சிரிப்பார். சொந்தமில்லை, அப்பாவின் சிநேகிதர். மச்சான், மச்சான் என்று உருகிக் கிடந்த இருவரும் ஒரு கிரகப்பிரவேசத்தில் முறிந்துபோனார்கள்.

மாமா கட்டிய வீடு. விடிந்ததிலிருந்து அப்பா அண்டா தூக்கினார், இலை போட்டார், பந்தி பந்தியாய்ப் பரிமாறினார். கடைசிவரை அவரை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு சிதம்பரம் வந்து சேர்ந்தவர், "சாப்ட்டியாடான்னு ஒரு வார்த்த கேக்கலியே" என்று அம்மாவிடம் ஒரே ஒருமுறை சொன்னார். யார் மூலமாகவோ மாமாவின் பதில் வந்தது: "அவன் வீட்டு ஆளு. வீட்டு ஆளப் போயி சாப்புட வான்னு கூப்புடுவாங்களா?"

அத்தோடு போக்குவரத்து நின்றது. அந்த மழைக்காலம் முழுக்க அப்பா சிரிக்கவில்லை. காயாத துணிபோல வீடு கனத்தது. மாமா இனி வரவே மாட்டாரோ என்று எனக்குப் பயம். அப்பாவைச் சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தானே.

ஒரு ஞாயிறு, அப்பா திடீரென்று எங்களைக் கடலூருக்குப் படம் பார்க்க அழைத்துப்போனார். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நடுவயது நண்பர்களின் கதை. இருவரும் சேர்ந்து ஒரு பீரோவைக் குறுகலான மாடிப்படியில் ஏற்றவேண்டும். ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே பீரோவிடம் பேசினார்கள்.

"பீரோவே, அவனக் கொஞ்சம் குனியச் சொல்லு."

"பீரோவே, குனிஞ்சா தொப்ப இடிக்குதுன்னு சொல்லு."

கொட்டகை குலுங்கியது. அப்பா உதட்டைக் கடித்தபடி இருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. ஞாயிறு மேட்னி தவறாதவர் மாமா. அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பிறகு தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆள் மொத்தமும் சிரித்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து நீளமாக மூச்சு விட்டாள்.

இடைவேளையில் மாமா எதிரே வந்து நின்றார், என்னை மட்டும் பார்த்து.

"பாப்பா, ஒங்கப்பனுக்கு டீயா காப்பியான்னு கேளு."

"நான் என்னா குடிப்பேன்னு அவருக்குத் தெரியாதாமான்னு கேளு."

"சக்கர ஜாஸ்தியா இருக்கும், பரவால்லியான்னு கேளு."

திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து வலித்தது. பெருமையாகவும் இருந்தது.

படம் விட்டதும் பேருந்து நிலையம்வரை மாமா கூடவே நடந்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். அவர் ஜன்னலுக்குக் கீழே.

"எதிர்க்காத்து அடிக்கும் பாப்பா. ஒங்கப்பனக் காதுல துண்டு கட்டிக்கச் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வெளியே எட்டினார்: "எனக்கு நல்லாத்தான் கேக்குது மச்சான். எங்கிட்டயே சொல்லுடா."

மாமா சிரித்தார், இருமினார், கம்பியைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ என் வேலை பறிபோன வருத்தம். அதே படம் சிதம்பரத்தில், எங்கள் தெருமுனைக் கொட்டகையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எதற்கு இத்தனை தூரம் வந்தோம் என்று கேட்க அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.

வண்டி உறுமி நகர்ந்தது. மாமா பக்கத்திலேயே ஓடிவந்து கத்தினார்:

"தலைய உள்ள இழுடா, வண்டிய எடுத்துட்டான்!"