வாளியில் விழுந்த பொட்டலம்

என் அப்பா எதற்கும் பயப்படாதவர் என்று ஊரில் பேர். சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நாளெல்லாம் வெடிமருந்தோடு புழங்குகிற மனிதருக்கு என்ன பயம் இருந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒருநாள், விருதுநகரில் ரயிலேறிப் போன ஒரு தூரத்து ஆஸ்பத்திரியில், அவர் பயந்ததைப் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு ஓடினால் உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆகிவிடும். அதற்கு முதலில் ஒரு சோதனை: கை நரம்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதயம்வரை கொண்டுபோவார்களாம். ஓட்டை எவ்வளவு பெரிது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த முறை அது.

அன்று காலை அப்பா காபி வாங்கப் போயிருந்தபோது நர்ஸ் அக்கா வந்து, கறுப்புத் தாளில் மடித்த இரண்டு சின்னப் பொட்டலங்களை என் நெஞ்சிலும் முதுகிலும் பிளாஸ்திரியால் ஒட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்த அப்பா அவற்றைப் பார்த்தார். எதிர் அறையில் கரண்டு மிஷினைப் பார்த்தார். பட்டாசுக் கம்பெனியில் இன்னதென்று தெரியாத பொட்டலம் கிடந்தால் பிரித்துப் பார்க்கமாட்டார்கள். முதலில் தண்ணீரில் போடுவார்கள், பிறகுதான் விசாரணை. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டையும் பிய்த்து, தரை துடைக்க வைத்திருந்த வாளியில் முக்கிவிட்டார். எனக்குத் தோல் எரிந்தது.

நர்ஸ் அக்கா சாத்தூர்க்காரர். ஓடி வந்து தலையில் கைவைத்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீக! அது பிலிமுல்லா! டாக்டருக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"புள்ளைய ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாகளோம்மா?" என்று கேட்டார் அப்பா. அப்போதுதான் அந்தப் பயத்தைப் பார்த்தேன்.

டாக்டர் வந்தார். பிலிம் இல்லாமலே ஆரம்பித்துவிடலாமா என்று நர்ஸ் அக்கா கேட்டதற்கு, "அளக்காம ஆரம்பிக்க மாட்டேன்" என்று சொல்லி வேறு பிலிம் எடுத்துவர ஆள் அனுப்பினார். பிறகு அப்பா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது. குழந்தை உடம்புல எவ்வளவு பட்டுதுன்னு இந்த பிலிம் கறுக்கறத வச்சுத்தான் சொல்ல முடியும். அவ இன்னும் ரொம்ப காலம் வாழணும். தேவைக்கு மேல ஒரு நொடிகூடப் படக்கூடாது."

அப்பா யோசித்தார். "ஒரு ரூமுக்கு இம்புட்டு வெடிமருந்துதான்னு நாங்க நிறுத்து வைக்கமே, அது மாதிரியா?"

"அதேதான்."

கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும், தன் வேலையை ஒரு பட்டாசு போர்மேனுக்குப் புரியவைத்துவிட்டே எழுந்த அந்த டாக்டரை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மறுவருஷம் ஓட்டையை அடைத்தார்கள். இப்போது நான் பேரப்பிள்ளைகளை அதட்டி மேய்க்கிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு ஏற்படவில்லை. புதுப் பொட்டலங்களை ஒட்டி, கையை மரக்கவைத்து, என்னை இருட்டறையில் கிடத்தினார்கள். டாக்டரின் காலடியில் ஒரு பெடல். அதை மிதித்தால் எக்ஸ்ரே ஓடித் திரையில் என் இதயம் மங்கலாகத் துடிக்கும். காலை எடுத்தால் மறைந்துவிடும். அவரோ மிதித்த வேகத்தில் காலை எடுத்தார். குழாயை இருட்டிலேயே கொஞ்சம் நகர்த்தினார், ஒரு கணம் மிதித்துப் பார்த்தார், மறுபடி எடுத்தார். என் இதயத்தை நானே நன்றாகப் பார்க்க முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பாவிடம் சொன்னேன்:

"அப்பா, அந்த டாக்டருக்குக் கால்ல ஏதோ வலி. மிதிச்ச ஒடனே எடுத்துருதாரு. ஒரு தடவைகூட நல்லா மிதிக்கவே இல்ல."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர்மேல் அவருக்கு இவ்வளவு இரக்கமா என்று எனக்கு ஆச்சரியம். மரக்காத கையால் அவர் தலையைத் தடவி, "அழாதீகப்பா, தைலம் தேய்ச்சா அவருக்குச் சரியாப் போயிரும்" என்று தேற்றினேன்.