துண்டுக்குப் பின்னால் ஒரு பல்பு

எனக்குக் கோவம் சட்டுன்னு வரும். கம்பெனி ஃபேமிலி டே நாடகத்துக்கு மேடையில லைட்டு போட்ட அன்னிக்கும் வந்துச்சு.

ஒரகடத்துல எங்க கம்பெனியில காருக்குக் கண்ணாடி செய்யுறாங்க. எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாடகத்துல முதல் காட்சி, விடியக்காலையில ஒருத்தர் ஷிஃப்டுக்குக் கெளம்புற வூடு. அட்டைப்பெட்டியைப் பிரிச்சு செவுரு, மரப்பலகையில அடுப்பு மேடை, எல்லாம் நாங்களே செஞ்சோம். எலக்ட்ரீஷியன் அண்ணன் நாலு பக்கமும் வெள்ளை லைட்டை மாட்டி, பொட்டு நிழல் இல்லாம பண்ணி வெச்சிருந்தார். வூடு மாதிரியே இல்ல, வெறும் அட்டையாத்தான் தெரிஞ்சுது.

"இன்னாண்ணே இது? இங்க இன்னா கண்ணாடியில கீறலா தேடப்போறோம்?"னு கத்திட்டேன்.

"நிழல் வுழுந்தா நீங்கதானேம்மா சண்டைக்கு வருவீங்க"ன்னார். அதுவும் நெசந்தான். எங்க மேசையில நிழல் வுழுந்தா கீறல் கண்ணுக்குத் தப்பிடும். நிழலை வெரட்டியே பழகிட்டோம்.

எல்லாத்தையும் அணைக்கச் சொன்னேன். எனக்கு வேண்டிய வெளிச்சம் குன்றத்தூர்ல எங்க வூட்ல இருந்துச்சு.

எங்க வூட்டுக்காரருக்கு வேற கம்பெனியில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், எனக்கு செகண்ட் ஷிஃப்ட். நான் தூங்குறேன்னு நெனச்சு, அவர் சமையக்கட்டு வாசல்ல துண்டை மாட்டிட்டு உள்ள சின்ன பல்பு மட்டும் போட்டுப்பார். டீ போட்டு எனக்கும் ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சிட்டு, செருப்பைக் கையில எடுத்துக்கினு வெளிய போவார். நான் முழிச்சுக்கினுதான் இருப்பேன். துண்டுல அவர் நிழல் குனியும், நிமிரும். அதைப் பாக்க எனக்கு அவ்ளோ புடிக்கும். எழுந்தா, பாவம், எழுப்பிட்டோமேன்னு வருத்தப்படுவார். அதனால கண்ணை மூடிப்பேன்.

நாடகத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு சண்டை. "நான் வூட்ல இருந்தாலும் இல்லாட்டியும் உனக்கு ஒண்ணுதான்"னுட்டார். அது மனசுல குத்திக்கினே இருந்துச்சு. சண்டை போடத்தான் என் வாய் லாயக்கு. லீவு போட்டு நாடகத்துக்கு வாங்கன்னு மட்டும் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட மேடையில ஒரு துண்டு கட்டி, அதுக்குப் பின்னாடி மஞ்ச பல்பு ஒண்ணு வெக்கச் சொன்னேன். பல்புக்கும் துண்டுக்கும் நடுவுல ஆள் நின்னாத்தான் நிழல் வுழும். ரெண்டு நாள் அதை நவுத்தி நவுத்தி அவர் உயிரை எடுத்துட்டேன்.

வூட்டுக்காரர் வந்தார். மேடை இருட்டுல அந்த பல்பு மட்டும் எரிஞ்சுது. துண்டுல ஒரு நிழல் சத்தமில்லாம டீ வடிகட்டுச்சு. மனைவியா நடிச்ச பொண்ணு, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, பாயில படுத்துக்கினு அதையே பாத்துது. நிழல் செருப்பைக் கையில எடுத்துக்கினு திரும்பினதும் டக்குனு கண்ணை மூடிக்கிச்சு. கூட்டம் சிரிச்சுது. எங்க வூட்டுக்காரர் மட்டும் சிரிக்கல.

பஸ்ல திரும்பும்போது ஜன்னலைப் பாத்துக்கினே கேட்டார், "தெனமுமா முழிச்சுக்கினு இருந்த?"

"தெனமும்தான்."

என் கையைப் புடிச்சவர் குன்றத்தூர் வர்ற வரைக்கும் வுடல.

மறுநாள் விடியக்காலையில வாசல்ல துண்டு இல்ல. பல்பு வெளிச்சம் நேரா என் மூஞ்சியில அடிச்சுது. "நடிச்சது போதும், எந்திரி, டீ ஆறுது"ன்னார். ரெண்டு டம்ளர்ல ஊத்தி வெச்சிருந்தார்.