அப்பாவுக்குக் கூடின மூணு வருசம்

எங்கப்பா சிவகாசி ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கிளார்க். தீபாவளி சீசனில் பட்டாசு லோடு ஏறி முடியும்வரை நின்றுகொண்டே புக்கிங் போடுவார். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கும். அடுத்த தையோடு ஐம்பத்தைந்து முடிந்து அவர் ரிட்டயர் ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பன் சர்வீஸில் இருக்கும்போதே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். பென்ஷன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மதிப்பில்லையாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி, டீச்சர் ட்ரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருந்தவள் நான்.

ஆமத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் காப்பித் தட்டோடு கதவோரம் நிற்கிறேன். டீக்கடை ரேடியோவில் சேதி கேட்ட தாய்மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மச்சான்! ரிட்டயர் வயசை ஐம்பத்தெட்டாக்கிட்டாக! இன்னும் மூணு வருசம் சர்வீஸ்!”

அப்பா எழுந்தேவிட்டார். வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பி, “தப்பா நினைக்காதீக. இனி அவசரமில்ல. பிள்ள படிக்கட்டும்” என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதிக் காப்பி தட்டிலேயே கொட்டிப்போனது. மீதியைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் நானே குடித்தேன்!

படித்தேன். மூன்றாம் வருசம் மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் கிடைத்தது. அப்பா ரிட்டயராகி வந்த அன்று, வீங்கிய காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தாயி, நான் நின்னது போதும். இனி நீ நில்லு.”