பத்து வாக்கியமும் முடியும் வரை

மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகளுக்குத் திங்கட்கிழமை ஆங்கிலத் தேர்வு. ஹி, ஷி, இட் வந்தால் வினைச்சொல்லோடு எஸ் சேர்க்க வேண்டும் என்பது அவள் மனதில் படியவே இல்லை. நான் எம்.ஏ. படித்தவள். பிள்ளைக்கு வரவில்லையென்றால் குறை என்னுடையதுதானோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அன்று சனிக்கிழமை. என் கணவர் மலையில் ஒரு சின்ன ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறார். ஆள் கிடைக்காத வாரம் பூச்சிமருந்தை அவரே அடிப்பார். மதிய ஜீப்பில் போடிக்கு இறங்கி வந்தவர், துணிமூட்டையை வழக்கம்போலப் பின்வாசல் துவைகல்மேல் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். அதை அவர்தான் அலசுவார். வேறு யாரும் தொடுவதில்லை.

மழை வந்தது. நனையுமே என்று மூட்டையை உள்ளே எடுத்துப் போட்டேன். ஏற்கெனவே ஈரமாக இருந்தது. மழைதான் என்று நினைத்தேன். மருந்து வாசம் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் எப்போதும் இருப்பது. அது தனியாகத் தெரியவில்லை. மகள் அதன்மேல் மெத்தைபோல உட்கார்ந்து நோட்டை விரித்தாள். அப்பாடா, ஓரிடத்தில் உட்கார்ந்தாளே என்றிருந்தது எனக்கு.

"மை ஃபாதர் கோ" என்று எழுதினாள்.

"அப்பா ஒரு ஆளுதானே? கோஸ்னு எழுது ஆத்தா. எத்தனை தடவ சொல்றது?"

ஐந்தாவது வாக்கியத்தில் எழுத்து கோணியது. நெற்றியெல்லாம் வேர்வை.

"எழுத்து மங்கலா தெரியுதும்மா."

"டிவி மட்டும் பளிச்சுனு தெரியுமோ? பத்தையும் முடிச்சுட்டு எந்திரி."

எட்டாவதில் வாயோரம் எச்சில் வழிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். ஒன்பதாவதில் வாந்தி எடுத்து என் மடியில் சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழி நடுவே கடுகளவு புள்ளிதான் இருந்தது.

"வீட்ல பூச்சிமருந்து இருக்கா?"

"இல்லைங்க, எல்லாம் மேல தோட்டத்துலதான்" என்ற என் கணவர், மகளின் ஈரப் பாவாடையை மோந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "எதும்மேல உக்காந்திருந்தா?"

சொன்னேன்.

"அடியே, அது மழைத் தண்ணி இல்ல. மருந்தடிக்கிற டேங்க் ஒழுகி என் சட்டை முதுகெல்லாம் மருந்துடி!"

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தா?" என்றார் டாக்டர்.

"அரை மணி நேரம்" என்றேன்.

நர்ஸ் பாவாடையைக் கத்தரித்துக் கழற்றி, சோப்புப் போட்டு அவளைக் கழுவினார். கணவர் ஊசிமருந்து வாங்க ஓடினார். நான் டாக்டருக்குப் பின்னால் வராந்தாவில் ஓடினேன்.

"ஒன்றரை மணி நேரம் டாக்டர். நான்தான் எந்திரிக்க விடல."

அவர் திரும்பி வார்டுக்குள் வேகமாகப் போனார்.

ஐந்தாம் நாள் மகளோடு வீட்டுக்கு வந்தோம். நான் குறைத்துச் சொன்ன அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.